ஆரணித் தறியும் அநந்தமும்

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் நமது இல்லங்களில் உள்ள பெண்மணிகளுக்குப் பட்டுப் புடைவைதான் நினைவுக்கு வரும். நாமும் கலியாணப் புடைவை ஒன்று வாங்கும் நிமித்தமாகவே அந்த ஊருக்குப் போனோம். ஆனால் திரும்பி வருகையில் நமது சிந்தையில் நிறைந்திருந்தது புடைவை அன்று, கணித சாஸ்திரம்.

கமண்டல நாகநதியை அடுத்த அவ்வூரில் நெசவாளர் தெரு ஒன்றில் நுழைந்தோம். ஒரு வீட்டில் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து பெரியவர் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். மூலையில் அவருடைய மகள், மூடிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கணிதம் படிக்கிற பெண் என்று தெரிந்தது.

"என்ன அம்மா படிக்கிறாய்?" என்று கேட்டோம்.

"படிக்கவில்லை, ஐயா, விட்டுவிடப் போகிறேன். பகுப்புக் கணிதத்தில் இரண்டு தடவை தேறவில்லை. அதில் எண்ணே கிடையாது. எல்லாம் கிரேக்க எழுத்துத்தான். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்" என்றாள்.

தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. நாடா மட்டும் சற்று மெதுவாக ஓடியது.

அவள் காட்டிய பக்கத்தில் இருந்தது 'எல்லை' என்பதன் இலக்கணம். பகுப்புக் கணிதம் முழுவதற்கும் அதுவே அஸ்திவாரம். எந்தக் கணத்தில் எவ்வளவு வேகம், வளைந்த உருவத்தின் பரப்பு எவ்வளவு, முடிவே இல்லாத கூட்டலின் தொகை எவ்வளவு என்ற கேள்விகள் யாவும் இந்த ஒரு வாசல் வழியாகவே உள்ளே போக வேண்டும்.

அதை எப்படி விளக்குவது என்று நாம் திகைத்திருக்கையில் பெரியவரே உதவிக்கு வந்தார். சுவரில் கட்டத்தாள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஜக்கார்டு அட்டை குத்துவதற்கு முன் வரைகிற தாள் அது. அதில் ஒரு மாங்காய் புட்டா.

"இந்த மாங்காயைப் பாருங்கள், ஐயா. தறியில் வளைவு ஏது? குறுக்கும் நெடுக்குமாக நூல்தான் போகும். கிட்டே பார்த்தால் எல்லாம் படிக்கட்டு. எட்ட நின்று பார்த்தால் வளைவு. படி தெரிகிறது என்று கடைக்காரர் சொன்னால், இன்னும் நெருக்கமாக நூல் வைத்து நெய்ய வேண்டியதுதான்."

நாம் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். "அம்மா, உன் தகப்பனார் சொன்னதுதான் உன் புத்தகத்தில் இருக்கிறது. இவ்வளவு பிழைக்குமேல் பொறுக்கமாட்டேன் என்று முதலில் கேட்பவர் கடைக்காரர். அதற்கேற்ற நெருக்கத்தைப் பிறகு சொல்பவர் நெசவாளர். கடைக்காரர் எவ்வளவு சிறிய பிழையைக் கேட்டாலும் நெசவாளரிடம் பதில் உண்டு என்றால், அந்த வளைவே படிகளின் எல்லை. கேள்வி முன்னே, பதில் பின்னே. இந்த வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்."

"நான் மாற்றித்தான் எழுதினேன்" என்றாள் அவள், மெல்ல.

தொடர்ச்சி என்பதும் இதே பேரந்தான். 'விடையில் இவ்வளவு மாறுதலுக்குமேல் கூடாது' என்று ஒருவர் கேட்கிறார். 'அப்படியானால் மூலத்தை இவ்வளவுக்குமேல் அசைக்காதே' என்று மற்றவர் பதில் தருகிறார். எந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்தால் அங்கே தொடர்ச்சி உண்டு.

இந்த இலக்கணம் ஐரோப்பாவில் எளிதில் கிடைத்துவிடவில்லை. நியூட்டனும் லைப்னிஸும் 17ஆம் நூற்றாண்டில் கால்குலஸைக் கண்டார்கள். 'மிகமிகச் சிறியது' என்று அதில் சொல்லப்படுவது என்னவென்று 1734ல் பார்க்ளி பாதிரியார் கேட்ட கேள்விக்குத் திருப்தியான விடை கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1821ல் பிரெஞ்சுக்காரரான கோஷியும், அவருக்குப் பின் ஜெர்மானியரான வயர்ஸ்ட்ராஸும் எல்லையை இந்தக் கேள்வி-பதில் உருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நமது நாட்டுக்கு இதில் பங்கில்லையா? உண்டு. கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே அநந்தத் தொடர்களைக் கையாண்டார். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதற்கு அவர் பெயரால் வழங்கும் முறை இது: நான்கை எடுத்துக்கொள், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, ஏழில் ஒரு பங்கைக் கழி, இப்படியே போ. விடைகள் 4, 2.67, 3.47, 2.90, 3.34 என்று நாடாவைப் போல் இப்புறமும் அப்புறமும் ஓடி, 3.14159... என்ற எல்லையை மிக மெதுவாக நெருங்கும். மாதவர் மரபினர் அந்த மெதுவைக் கண்டு சும்மா இருக்கவில்லை. எஞ்சிய பிழைக்கே ஒரு திருத்தம் கண்டார்கள். ஐந்தாம் படியில் நின்று 101ல் 20 பங்கைக் கழித்தால் 3.14166 கிடைக்கிறது! திருத்தம் இல்லாமல் இந்த நுட்பத்தை அடையப் பதினாயிரம் படிகளுக்கு மேல் ஏற வேண்டும்.

1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் எழுதிய 'யுக்திபாஷா' என்னும் மலையாள நூல் இவற்றுக்குக் காரணங்களையும் கூறுகிறது. சென்னை ராஜதானிக் கல்லூரியில் ஆனந்தராவ் அவர்களிடம் பயின்ற சி. டி. ராஜகோபால், முகுந்த மாராருடன் சேர்ந்து 1944ல் எழுதிய கட்டுரையில் இப்பழைய கணிதத்தை ஆராய்ந்தார். அந்த ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று, 1919ல் சென்னைக்குத் திரும்பிப் பகுப்புக் கணிதத்தில் ஒரு மாணவர் பரம்பரையையே உண்டாக்கியவர். விஜயராகவன், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவரிடம் பயின்றவர்களே.

ஆனால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்டுவதும் சரியன்று. மாதவர் மரபினரிடம் அரிய தொடர்கள் இருந்தன. எந்தத் தொடருக்கும் பொருந்துகிற பொது இலக்கணம் பின்னால் வந்தது. அவ்வளவு கண்டிப்பான இலக்கணம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை அந்தப் பெண்ணிடமிருந்தே வந்தது.

அவள் கட்டத்தாளை வாங்கி, ஓர் அங்குலச் சதுரத்தின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் படிகள் வரைந்தாள்; பிறகு அவற்றைவிடச் சிறிய படிகள்; அவற்றையும்விடச் சிறியவை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று தலைநிமிர்ந்தாள்.

"ஐயா, படிகள் சிறுத்துச் சிறுத்துச் சாய்வுக்கோட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் படிகளின் நீளத்தைக் கூட்டினால் எப்போதும் இரண்டு அங்குலந்தானே வருகிறது? சாய்வுக்கோட்டின் நீளம் 1.414 அங்குலந்தானே?"

நாம் ஒரு கணம் வாயடைத்துப் போனோம். அவள் சொன்னது முற்றும் உண்மை. படிகள் கோட்டை நெருங்குகின்றன. படிகளுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பும் மறைகிறது. நீளம் மட்டும் நெருங்கவே இல்லை! உருவம் நெருங்கினால் அதைச் சேர்ந்த எல்லாம் நெருங்கும் என்று கண் சொல்லும். கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. எது எதனோடு சேர்ந்து நெருங்கும், எது நெருங்காது என்று பிரித்து அறிவதற்குத்தான் அந்தக் கிரேக்க எழுத்துக்கள் எல்லாம்.

"இந்தக் கேள்வி உன் புத்தகத்தில் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம்.

"நான் பார்த்தவரையில் இல்லை, ஐயா."

"அப்படியானால் புத்தகம் கேட்காததை நீ கேட்டிருக்கிறாய்."

அவள் பதில் பேசவில்லை. மூடியிருந்த புத்தகத்தைத் திறந்து, முன்பு தவறாக எழுதிய இடத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கினாள். பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டு அவளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் கட்டுவதற்குக் கடைசித் தேதி என்றைக்கு, அம்மா?" என்று கேட்டார்.