குழாய் பதிக்குமுன் கிணற்று நீரைக் கணக்கிடுங்கள்

கோவை, சேலம், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள பாறைக் கிணறுகள் பலவற்றில் நாலைந்து மணி நேரம் இறைத்தாலே தண்ணீர் அடிக்குப் போய்விடும். மீண்டும் ஊற ஒரு நாளாகும். இத்தகைய கிணற்றை நம்பியுள்ள சிறு விவசாயிகள், குழாய் வாங்குமுன் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, கிணறு தரும் நீர். பம்பு செட்டின் குழாய் வாயில் 200 லிட்டர் பீப்பாயைப் பிடிக்க வேண்டும். அது 25 விநாடியில் நிறைந்தால், மணிக்கு 28,800 லிட்டர் கிடைக்கிறது என்று பொருள். தினமும் 4 மணி நேரம் இறைத்தால் வாரத்திற்குச் சுமார் 8 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தேவை. ஆகவே வாரம் ஒரு தண்ணீர் வீதம் 4 ஏக்கருக்குப் போதும். இந்த அளவைக் கோடையில் எடுப்பதே நல்லது.

இரண்டாவது, வயலுக்குப் போய்ச் சேரும் நீர். கிணற்றருகே ஒரு பாத்தி, வாய்க்காலின் கடைசியில் அதே அளவுள்ள ஒரு பாத்தி, இரண்டும் ஒரே மாதிரி காய்ந்திருக்கும்போது நீர் விட்டுப் பார்க்க வேண்டும். மடையில் நீர் நுழைந்தது முதல், அருகில் உள்ளது 6 நிமிடத்திலும் கடைசியில் உள்ளது 9 நிமிடத்திலும் நிறைந்தால், மூன்றில் ஒரு பங்கு நீர் மண் வாய்க்காலிலேயே கசிந்து போகிறது. கிணற்றில் நீர் இருந்தும் கடைக்கோடி வயல் வாடுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கசிவைத் தடுக்க நிலத்தடி பி.வி.சி. குழாய் பதிக்கலாம். முதலில் நிலத்தின் படத்தைத் தாளில் வரைந்து மேடு பள்ளங்களைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் அதன் மேட்டுப் பக்கத்தில் ஒரு வால்வு வைத்தால், நீர் தானாகவே சரிவில் பாயும்.

செலவைக் குறைக்கச் சிறிய குழாய் வாங்குவது நஷ்டம். மேற்கூறிய நீருக்கு 90 மி.மீ. குழாயில் 100 மீட்டர் தூரத்திற்கு ஏற்படும் உராய்வு, நீரைச் சுமார் 7 அடி கூடுதலாக ஏற்றுவதற்குச் சமம். 63 மி.மீ. குழாயில் அது 40 அடிக்கு மேல் போய்விடும். மோட்டார் திணறும், நீரும் குறையும். பணம் போதாவிட்டால் விட்டத்தைக் குறைக்காமல், கசிவு அதிகமுள்ள பகுதியில் இந்த ஆண்டும் மீதிப் பகுதியில் அடுத்த ஆண்டும் பதிக்கலாம்.

கலப்பையும் டிராக்டரும் எட்டாதபடி 2 முதல் 3 அடி ஆழத்தில் குழாய் இருக்க வேண்டும். மேடான இடத்தில் காற்றுப் போக்கியும், தாழ்ந்த முனையில் வண்டலைக் கழுவிவிட ஒரு திறப்பும் தேவை. ஒட்டிய இணைப்புகளை ஒரு நாள் காயவிட்டு, மோட்டாரை ஓட்டி, ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகே குழியை மூட வேண்டும்.