முறிந்த பாய்மரத்தை ஒட்டுவது எப்படி?

வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு 1963-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது மிரர் பாய்ப்படகு. நீளம் 3.3 மீட்டர். ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரின் வடிவமைப்பு. ப்ளைவுட் பலகைகளைச் செம்புக்கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டினால் படகு உருவாகிவிடும். கட்டத் தெரிந்தவருக்குப் பழுதுபார்க்கவும் தெரியும் என்பதே இந்தப் படகின் அழகு. அதன் மரப் பாய்மரம் முறிந்தால்கூட வீசி எறிய வேண்டியதில்லை.

முறிந்த இரண்டு முனைகளையும் நேராக வெட்டி முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. மரம் என்பது நெருக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு மாதிரி. குறுக்கே வெட்டிய முகத்தில் திறந்த துளைகள்தான் மிகுதி. அவை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்புக் கிடைக்காது. நாரின் பக்கவாட்டில்தான் பசை இறுகப் பற்றும். ஆகவே இரு துண்டுகளையும் நீண்ட சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுகிறார்கள். பாய்மரத்துக்கு 1:12 சரிவு நல்லது. 5 செ.மீ. கனமுள்ள மரத்துக்கு 60 செ.மீ. நீளச் சரிவு! முறிந்த பகுதியை நீக்கிப் புதுத்துண்டு சேர்ப்பதானால், அதை வெட்டும்போது இந்த 60 செ.மீ.யையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

புதுத்துண்டுக்கு சிட்கா ஸ்புரூஸ் கிடைத்தால் பாக்கியம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் இந்த மரம் எடைக்கு மிஞ்சிய வலுவுள்ளது. அந்தக் காலத்தில் விமானச் சட்டங்களுக்கும் இதைத் தேடினார்கள்.

சீவுவதில் ஒரு நுட்பம் உண்டு. கீழே ஒரு துண்டு, அதன்மேல் 60 செ.மீ. பின்தள்ளி இன்னொரு துண்டு. இரண்டையும் அசையாமல் பிணைத்து, ஒரே சரிவாக இழைப்புளியை ஓட்டுங்கள். முனைகள் காகிதம்போல் மெலியும். பிறகு மேல்துண்டைப் புரட்டி வைத்தால் இரு முகங்களும் பொருந்தும்.

ஒட்டும்போது முதலில் மெல்லிய எபாக்சிப் பசையைத் தடவி மரத்தைக் குடிக்க விட வேண்டும். அப்புறம் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சி. கிளாம்பை முறுக்கும்போது சரிவுகள் வழுக்கி விலகும். ஓரங்களில் சின்ன ஆணி அடித்து நிறுத்துங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டு வெறுமையாகிவிடும். விளிம்பெங்கும் மெல்லிய கோடாகப் பசை தெரிந்தால் போதும்.

நன்றாக இறுகியபின் இழைத்து, வார்னிஷ் பூச வேண்டும். வெயில் எபாக்சியை மெல்லச் சிதைக்கும் என்பதால் வார்னிஷ் உரியும்போதெல்லாம் மறுபூச்சு தேவைப்படும்.