மண்ணுக்கடியில் ஒரு கண்ணாடிக் காது

எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் புதைக்கும்போது அதே பள்ளத்தில் ஓர் ஒளியிழைக் கேபிளையும் போடுவது வழக்கம். பம்பு நிலையங்களுக்கிடையே தகவல் அனுப்ப அது வேண்டும். அந்தக் கேபிளில் சும்மா கிடக்கும் ஓர் இழையே குழாயின் காவலாளி ஆகிறது. இம்முறைக்குப் பரவல் ஒலி உணர்தல் என்று பெயர்.

இழையின் ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. எவ்வளவு தூய கண்ணாடியானாலும் அதன் அடர்த்தி இடத்துக்கிடம் நுண்ணளவில் மாறுபடும். அங்கெல்லாம் ஒளியில் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்புகிறது. இது ரேலே சிதறல். தொலைத்தொடர்புக்கு இது நட்டம். இங்கே இதுதான் முதல். மண் அதிர்ந்தால் இழை இம்மியளவு நீண்டு சுருங்கும். திரும்பும் ஒளியலையின் கட்டம் மாறும். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே அது திரும்பிவரும் நேரத்தை வைத்தே அதிர்ந்த இடத்தைச் சில மீட்டர்களுக்குள் குறித்துவிடலாம். 50 கிலோமீட்டர் போய்த் திரும்ப அரை மில்லிவினாடி போதும். எனவே வினாடிக்கு 2,000 முறை வரை அந்த நீளம் முழுவதையும் செவிமடுக்கலாம்.

கேட்ட ஒலியைப் பிரித்தறிவதுதான் கடினம். கசிவின் சீறல், பொக்லைன், டிராக்டர், ரயில், மழை எல்லாம் ஒரே இழையில் வந்து விழுகின்றன. இயந்திரக் கற்றல் முறையில் இந்த அதிர்வுகள் தொலைவையும் நேரத்தையும் அச்சாகக் கொண்ட படமாக வரையப்படுகின்றன. அதில் ரயில் ஒரு சாய்கோடு; மண்வெட்டி ஓரிடத்தில் விட்டுவிட்டு விழும் புள்ளிகள்; கசிவு ஓரிடத்தில் ஓயாத பட்டை. இன்னது இன்ன ஒலி எனக் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு கணினி பயில்கிறது. உண்மையான கசிவு அரிது என்பதால், அளவோடு கசியவிட்டும் மாதிரிகள் சேர்க்கப்படுகின்றன. களிமண்ணில் பயின்ற நிரல் மணற்பாங்கில் தடுமாறும். இடத்துக்கேற்ப மறுபடி பயிற்ற வேண்டும்.

இந்தப் பயிற்சியைச் சிக்கனம் கருதிக் குறைத்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். ஊழியரின் காதும் அவற்றுக்குப் பழகிப்போகும். எச்சரிக்கையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஜூலை 25 சான்று. அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் ஊரருகே ஓர் எண்ணெய்க் குழாய் கிழிந்தது. அழுத்தம் குறைந்ததாகக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கைகள் வந்தன. குழாய் கிழியவில்லை, உள்ளே எண்ணெய்த் தொடர் இடையில் அறுந்து வெற்றிடம் விழுந்ததால் வந்தவை என்று கருதி, பம்புகளை இருமுறை மீண்டும் இயக்கினர். சுமார் 17 மணி நேரத்துக்குப் பின், வெளியாள் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே கசிவு உறுதியாயிற்று. அதற்குள் 30 லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டி, கலமசூ ஆற்றிலும் கலந்திருந்தது.

இழை கேட்கும், கணினி பிரித்துச் சொல்லும். அதை நம்பி வால்வை மூட வேண்டியவர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்.