கருவுற்ற தாய்மாரும் பற்சிகிச்சைச் செலவும்

பிள்ளை பெறுந்தோறும் தாய் ஒரு பல்லை இழப்பாள் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. இது தவறு. வளரும் சிசு தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. மசக்கை வாந்தியிலுள்ள அமிலம் பல்லை அரிக்கின்றது. ஓமோன் மாற்றத்தால் முரசு வீங்கிக் குருதி கசிகின்றது. வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காது, நீரால் வாயைக் கொப்பளித்தல் நன்று.

செலவுக்கு அஞ்சியே பலர் வலியைப் பொறுத்திருக்கின்றனர். பிரித்தானியாவில் 1952இல் பற்சிகிச்சைக்குக் கட்டணம் விதித்தபோதும் கருவுற்ற தாய்மாருக்கு விலக்களித்தார்கள். நமது அரசாங்க வைத்தியசாலைகளிலோ அச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் செலவே இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. பஸ் கட்டணமும், கூலி வேலை செய்பவளாயின் ஒருநாட் சம்பளமும் போய்விடும். சிறு குழியை அடைக்க ஒரு பயணம் போதும். நரம்புவரை பழுதானாற் பலமுறை அலைய வேண்டும். ஆதலால், கிளினிக்குக்குச் செல்லும் நாளிலேயே பல்லையும் காட்ட இயலுமா என்று மருத்துவமாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். கடும் வலியோ வீக்கமோ கண்டால் எம்மாதமாயினும் தாமதிக்கலாகாது. கருவுற்றிருப்பதைப் பல் வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள்.