பீனிசமா, வயிற்றுப் புளிப்பா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கதைத்த நேரம் முழுவதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"நாலு வருசமாப் பீனிசம், பிள்ளை. காலமை எழும்பினால் தொண்டைக்குள்ள சளி உருண்டை மாதிரி நிக்குது. எத்தனை குளிசை போட்டாச்சு."

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். பகலில் வெறும் தேநீர். பிள்ளைகள் சாப்பிட்டு, வேலைகள் முடிந்து, இரவு பத்து மணிக்குத்தான் சோறு. சாப்பிட்ட கையோடு பாயில் சரிவார். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் எங்கள் பெண்கள் பலரின் நாள் இப்படித்தான் முடிகிறது. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலேறும். நெஞ்சோடு நின்றால் நெஞ்செரிவு. தொண்டை வரை வந்தால் செருமல், குரல் கம்முதல், வறட்டு இருமல், மூக்கின் பின்னால் சளி வடிவது போன்ற உணர்வு. இவர்களில் பலருக்கு நெஞ்செரிவே இராது. அதனால் எல்லாம் பீனிசத்தின் கணக்கில் போய்விடுகிறது.

மருந்துக்கு அடங்காத பீனிசம் உள்ளவர்களிடம் இந்த அமிலத் தொல்லையும் கூடுதலாகக் காணப்படுகிறது. அமிலம் மூக்கின் பின்புறம்வரை ஏறலாம், அல்லது நரம்பு வழியாக மூக்கைத் தூண்டலாம் என்கிறார்கள். ஒன்றினால்தான் மற்றது வருகிறது என்று மருத்துவம் இன்னும் உறுதிசெய்யவில்லை. விறகுப் புகையும் மூக்கைக் கெடுக்கும். ஆகவே பீனிச மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

உடம்பில் செல் துண்டுகளுடன் வாழும் சகோதரிகள் வலிக்கு டைக்ளோபெனாக் போடுவதுண்டு. அது இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது. வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமின்றி மெலிதல், மூன்று வாரம் தாண்டிய குரலடைப்பு இருந்தால் தாமதிக்கக்கூடாது.

படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பிடுவதும், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும் பலன் தரும் என்றேன். அக்கா சிரித்தார். "கட்டில் இருந்தாத்தானே தலைமாட்டை உயர்த்த!"

தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். எனவே சாக்குகளை மடித்து, இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வரும்படி பாயின் கீழ் வைத்தோம். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் நல்லது.

"ஏழு மணிக்குப் பிள்ளையளோட இருந்து சாப்பிட்டுப் பாக்கிறன்" என்றவர், வாசல்வரை வந்து கேட்டார்: "மூக்குக் கிளினிக்கில வயித்துக் கதையும் சொல்லலாமோ?"

சொல்லலாம் அக்கா. மறக்காதிருக்க, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.