மீன்சட்டிக்குள் ஒரு பட்டம்

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்குப் பொழியூரில். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நாலு பெஞ்சு, ஒரு மண்சட்டி நிறைய மீன்கறி. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கின் மேல் சிவக்கச் சிவக்கச் சூரைமீன் கறியை ஊற்றித் தந்தார் கடைக்கார அக்கா.

கூட வந்த என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு. சட்டியை எட்டிப் பார்த்தாள். “சித்தப்பா, பச்ச மீனு அவ்வளவு நாறுதே, கறியில அந்த நாத்தம் எங்க போச்சு?”

கெட்டிக்காரி! பெரியவர்களே கேட்காத கேள்வி.

கடல் தண்ணீர் உப்பு அல்லவா? அந்த உப்பைத் தாங்க, கடல்மீன் தன் தசையில் ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு. பெயர்தான் நீளம், வாடை கிடையாது. மீன் செத்ததும் கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். பாக்டீரியாக்கள் குதித்துக்கொண்டு கிளம்பி, அந்தப் பொருளிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். நாறுவது அதுதான்.

அதன் துகள்கள் நூல் அறுந்த பட்டம்போலப் பறந்து வந்து மூக்கைத் தொடுகின்றன. புரிகிறதா?

அக்கா கரண்டியால் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். குடம்புளி! மரத்தில் பழுக்கும்போது குட்டி மஞ்சள் பூசணிபோல வரிவரியாக இருக்கும். தோலை உலர்த்திப் புகை காட்டினால் இப்படிக் கறுத்துச் சுருங்கிவிடும். அதிலுள்ள அமிலம் அந்தத் துகளோடு சேர்ந்து அதை உப்பாக மாற்றிவிடும். உப்பு குழம்பிலேயே கரைந்து கிடக்கும். பட்டத்தின் வாலில் கல்லைக் கட்டினால் பறக்குமா? அதேதான். நெத்திலிக் குழம்பில் போடும் மாங்காயும் இந்த வேலையைச் செய்யும்.

ஜப்பானில் சுஷி என்று ஒரு சாப்பாடு. சோற்று உருண்டையின் மேல் ஒரு துண்டு மீன், பெரும்பாலும் பச்சையாக. சூரையும் வைப்பார்கள். அந்தச் சோற்றில் வினிகர் கலந்திருக்கும். முற்காலத்தில் வினிகருக்குப் பதில், உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைத்தார்கள். நம் பழையசோறு புளிக்குமே, அதுபோலச் சோறு புளித்து மீனைக் கெடாமல் காத்தது. பிவா ஏரிக்கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பொழியூர்ச் சட்டியிலும் ஜப்பான் சோற்றிலும் காவல் நிற்பது புளிப்புதான், பார்த்தீர்களா!

ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. பச்சை மீனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். புளிப்பு அவற்றைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. சுஷிக்கான மீன் பலவற்றை அதற்காகவே கடுங்குளிரில் உறைய வைக்கிறார்கள். வீட்டில் பச்சை மீனைத் தின்று பார்க்காதீர்கள்.

சாப்பிட்டுக் கை கழுவியும் விரலில் வாடை போகவில்லை. அக்கா அரை எலுமிச்சம்பழம் தந்தார். அண்ணன் மகள் தேய்த்து முகர்ந்தாள். கண் விரிந்தது. “இங்கயும் கல்லு கட்டியாச்சு!”

பக்கத்திலேயே பூவாறு பொழியில் நெய்யாறு கடலில் சேர்கிறது. அங்கே நின்று அடுத்த கேள்வியைப் போட்டாள்: “ஆத்துமீனு ஏன் இவ்வளவு நாறுறதில்ல?”

விடை மேலே எழுதியதிலேயே இருக்கிறது. தேடுங்கள் பார்ப்போம்!