டாக்டர் பேசும்போது குரல் விட்டுவிட்டு வருதா?

"தினமும் அரை மாத்திரை" என்கிறார் வீடியோ அழைப்பில் டாக்டர். குரல் விட்டுவிட்டு வருகிறது. அரையா, ஒன்றரையா? பக்கத்து அறையில் சினிமா டவுன்லோடு ஆகிறது.

இரண்டும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகின்றன. நெரிசல் வந்தால் ரூட்டரும் ஸ்விட்சும் அவற்றை வரிசையில் நிறுத்தும். வரிசை நிரம்பினால் மிச்சத்தைத் தள்ளிவிடும். தொலைந்த சினிமா பாக்கெட் மறுபடி வரும். குரல் பாக்கெட் சுமார் 150 மில்லி விநாடிக்குள் வந்தால்தான் பேச்சு சீராகக் கேட்கும்.

அதனால்தான் பாக்கெட்டுகளுக்கு 0 முதல் 7 வரை முன்னுரிமை எண் தரும் வசதி ஸ்விட்சில் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி, குரலுக்கு முதலில் வழி. ஆனால், சாலை அகலமாகாது!

உங்கள் ரூட்டர் செட்டிங்கில் 'க்யூ.ஓ.எஸ்.' இருந்தால் ஆன் செய்து, வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லையென்றால், பேசி முடிக்கும்வரை டவுன்லோடை நிறுத்தி வையுங்க. மாத்திரை அளவை ஒருமுறை திருப்பிக் கேட்டுக்குங்க.